செப்பனிடுதலும் புதுப்பித்தலும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், தில்லி கரோல் பாக் கடைத்தெருவில் வாங்கிய கிளட்ச் தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றி என் மேசைமேல் வைத்திருந்தேன். கட்டுரை ஏடுகளைத் தர வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பொட்டலத்தைக் கண்டு, அது என்னவென்று கேட்டான். தஞ்சாவூரில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் 1978ஆம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு உரியது என்றேன். “புது வண்டி கடையில கிடைக்குதே, சார்! அவ்வளவு பழைய வண்டிக்கு ஏன் இந்தப் பாடு?” என்றான். விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. இப்பாடத்தை அவனுக்குரிய விடையாகவே எழுதுகிறேன். அவனைப்போல் எண்ணுவோர் உங்களுள்ளும் சிலர் இருப்பீர்கள்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவோம். ‘புதுப்பித்தல்’ என்றால் பழையதைப் புதியது ஆக்குதல். ‘செப்பனிடுதல்’ என்றால் பழுதுற்றதைச் செம்மை செய்தல். ஏரிக்கரையைச் செப்பனிட்டோம் என்று சொல்கிறோம். அப்போதும் அது பழைய கரையாகவே இருக்கிறது. நீர் மட்டும் ஒழுகுவதில்லை. பழைய மோட்டார் சைக்கிள்களில் ஆர்வம் கொண்டோர் இன்று நாடெங்கும் பெருகியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் வண்டியைப் புதுப்பிக்கிறார்கள், சிலரே செப்பனிடுகிறார்கள். பழைய வண்டியைச் செப்பனிட வேண்டும், செப்பனிட்டபின் ஓட்ட வேண்டும் என்பது என் கருத்து. புதுப்பித்துக் கண்ணாடிபோல் துடைத்து நிறுத்தி வைப்பது, காப்பாற்ற நினைத்ததையே அழிப்பதாகும். இதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை. ஒரு பெரும்பிழை செய்து கற்றேன்.

அப்பிழையைச் சொல்லுமுன் வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊர் ஒரு காலத்தில் ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஊசியும் மிதிவண்டியும் செய்துவந்த ஒரு நிறுவனம், துப்பாக்கி ஆலை ஒன்றிற்கு உறுப்புகள் செய்துகொடுத்த தொடர்பால் ‘என்ஃபீல்டு’ என்னும் ஆலையூரின் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ‘புல்லட்’ என்னும் பெயர் 1932இல் வந்தது. விடுதலைக்குப்பின் நம் நாட்டுப் படையினர் எல்லைப் பகுதிகளில் ஓட்டுவதற்கு இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்தனர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் கப்பலில் வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் உறுப்புகள் யாவும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1970ஐ ஒட்டி ரெடிச் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர் ஆலையோ நிற்கவில்லை. 1977இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. தாய்நிலத்தில் ஓய்ந்துபோன ஒன்று, குடியேறிய ஊரில் வாழ்ந்து, பிறந்த ஊருக்கு விருந்தாளியாகத் திரும்பிச் சென்றது! பெற்றோரின் ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வளரும் உங்களுக்கு இச்செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வண்டி நான் பிறந்த ஆண்டில் வாங்கப்பட்டது. என் தந்தையார் கால்நடைத் துறையில் ஆய்வாளராகப் பணியாற்றினார். பாபநாசம், அய்யம்பேட்டைப் பகுதிச் சிற்றூர்களுக்குத் தடுப்பூசி மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்வார். அப்பெட்டியை வைப்பதற்கென்றே பின்னிருக்கையின் பின்னே இரும்புப் பட்டைகளால் ஒரு தாங்கி செய்து பூட்டியிருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது பெட்ரோல் டேங்கின்மேல் என்னை அமர்த்தி ஓட்டுவார். அவருடைய முழங்கால்கள் அழுந்திய இரு பக்கங்களிலும் கறுப்பு வண்ணம் தேய்ந்து, உலோகத்தின் வெண்மை தெரியும். டேங்கின் மேலே ஓடிய பொன்னிறக் கோடுகளில் ஒன்று, ஓரிடத்தில் சற்றே தடித்திருக்கும். அக்காலத்தில் அக்கோடுகளை அளவுகோல் இன்றித் தூரிகையால், கையாலேயே வரைந்தார்கள். வரைந்தவரின் கை அவ்விடத்தில் ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும். நான் அத்தடிப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டே ஊர்சுற்றி வளர்ந்தவன்.

2005இல் எனக்கு வேலை கிடைத்தது. தந்தையார் ஓய்வு பெற்றிருந்தார். முழங்கால் வலியால் வண்டியை உதைத்துக் கிளப்ப அவரால் இயலவில்லை. முதல் ஊதியங்களைச் சேர்த்து வைத்து, அவருக்கு மகிழ்ச்சி தர எண்ணி, வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். “டேங்க் உள்ளே துருப்பிடித்துவிட்டது, புதியது போடுவோம்” என்றார் பட்டறைக்காரர். சரி என்றேன். மட்கார்டுகளுக்கு நிக்கல் முலாம் பூசலாம் என்றார். அதற்கும் சரி என்றேன். மருந்துப்பெட்டித் தாங்கி அழகைக் கெடுக்கிறது என்றார். அதைக் கழற்றி வீட்டுப் பரணில் எறிந்தேன். ஆறு வாரம் கழித்து, மின்னும் சிவப்பு டேங்குடன் வண்டி வீடு வந்தது. தெருவே கூடிப் பார்த்தது. தந்தையார் திண்ணையிலிருந்து இறங்கி வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. யாரு வண்டிப்பா இது?” என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பழைய டேங்கைத் தேடிப் பட்டறைக்கு ஓடினேன். அது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டிருந்தது.

இத்துடன் முடியவில்லை. மூன்றாம் வாரம் அய்யம்பேட்டை அருகே, நடுச்சாலையில் வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு சிறு பட்டறையில் நிறுத்தினேன். அங்கிருந்த முதியவரை எல்லாரும் ‘பாய்’ என்றே அழைத்தனர். அவர் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ‘பாயிண்ட்’ எனப்படும் மின்தொடர்பு முனைகளைக் காட்டினார். அம்முனைகள் திறந்து மூடும்போதுதான் பிளக்கில் தீப்பொறி பிறக்கும். திறந்த நிலையில் அவற்றிடையே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அவை கருகி, குழிவிழுந்து கிடந்தன. “மேலே எல்லாம் புதுசு சார். உள்ளே யாரும் கை வைக்கலை” என்றார் பாய். அவ்வளவு பணமும் பார்வைக்கே போயிருந்தது. ஓட்டத்திற்கு ஒரு காசும் போகவில்லை. பழைய டேங்கின் துருவை நீக்குவதும் பெருவேலையன்று என்பதைப் பிற்பாடு அவரிடமே அறிந்தேன். டேங்கினுள் மண்ணெண்ணெயையும் கைப்பிடி அளவு சிறு நட்டுகளையும் இட்டு நெடுநேரம் குலுக்கினால் துரு உதிர்ந்துவிடும். அரைநாள் வேலை!

அதன்பின் நான்கு கோடை விடுமுறைகள் அவருடைய பட்டறையில் கழிந்தன. எஞ்சினைத் திறந்தோம். சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் குடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் பொருத்தினோம். வால்வுகளை அரைத்து இருக்கையில் படியவைத்தோம். மின்கம்பிகள் முழுவதையும் மாற்றினோம். இங்கே ஒன்றைத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: தேய்வதற்கென்றே படைக்கப்பட்ட உறுப்புகளை மாற்றத் தயங்கக் கூடாது. பிரேக், டயர், மின்கம்பி ஆகியவற்றில் பழமை பாராட்டுபவன் அறிவிலி. அவனால் பிறர் உயிருக்கும் கேடு. ஆனால் மங்கிய வேகமானி முகத்தையும், பின்மட்கார்டின் நெளிவையும் மாற்றுவதால் வண்டி ஒரு முழம்கூடக் கூடுதலாக ஓடப்போவதில்லை. அந்நெளிவு, ஒருநாள் வரப்பில் சறுக்கி விழுந்தபோது ஏற்பட்டதென்று தந்தையார் சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் முலாம் பூசியும் அது முழுதும் நிமிரவில்லை. நல்ல காலம்!

செப்பனிட்ட வண்டியை ஓட்டிப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். இக்கால வண்டியில் பொத்தானை அழுத்தினால் போதும். பழைய புல்லட்டோ ஓட்டுபவரின் கவனத்தை முதலில் கேட்கிறது. சாவியைத் திருப்பியபின் முகவிளக்கின் மேலுள்ள சிறு மின்னோட்டமானியைப் பார்க்க வேண்டும். உதைகோலை மெல்ல அழுத்தும்போது அதன் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முனைகள் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் துள்ளும். அங்கே நிறுத்தி, கைப்பிடியருகில் உள்ள சிறு நெம்புகோலைப் பிடித்துச் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றி, உதைகோலை இன்னும் சிறிது நகர்த்தி, நெம்புகோலை விட்டு, பிறகே முழு மூச்சாய் உதைக்க வேண்டும். முறை தவறினால் உதைகோல் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கி, வகுப்பில் ஒரு வாரம் நாற்காலியில் அமர்ந்தே இலக்கணம் நடத்திய ஆசிரியர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்!

கியர் மாற்றும் நெம்புகோல் வலக்காலிலும், பிரேக் இடக்காலிலும் இருக்கும். இன்றைய வண்டிகளில் இது தலைகீழ். ஆகவே புது வண்டி ஓட்டிப் பழகியவர் நெருக்கடியில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். 346 கனசென்டிமீட்டர் எஞ்சினின் ஆற்றல் 18 குதிரைத்திறனே. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவோ 90 மில்லிமீட்டர். அந்த நீண்ட ஏற்றத்தாழ்வினால்தான் எஞ்சின் பதறாமல், ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே காதில் விழும்படி ஓடுகிறது. அவ்வொலிக்காகவே இவ்வண்டியை விரும்புவோர் பலர். அவர்களுள் சிலர் சைலன்சரை மாற்றிப் பட்டாசுபோல் வெடிக்கச் செய்கிறார்கள். இதைவிட அவ்வண்டியை இழிவுபடுத்தும் செயல் வேறில்லை என்பேன். நோயாளியும் கைக்குழந்தையும் உறங்கும் தெருவில் அவ்வெடியை எழுப்புவோர், பழமையை விரும்புவோர் அல்லர்; தம்மைப் பிறர் பார்க்க வேண்டும் என்று விரும்புவோர்.

ஆலை உயிரோடிருப்பதால் புல்லட்டுக்கு உறுப்பு கிடைப்பது எளிது. ஆலையே இல்லாத வண்டிகளின் நிலை என்ன? மைசூரில் 1961 முதல் ஜாவா வண்டிகள் செய்யப்பட்டன. 1973 முதல் அவை ‘யெஸ்டி’ என்னும் பெயரில் வந்தன. உதைகோலும் கியர் நெம்புகோலும் ஒன்றே என்பது அவற்றின் புதுமை. உதைத்துக் கிளப்பியபின் அதே கோலை மடக்கிக் கியராகப் பயன்படுத்தலாம். அவ்வாலை 1996இல் மூடப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு முதலிய ஊர்களில் ஜாவா, யெஸ்டி உரிமையாளர்கள் தம் வண்டிகளை ஓட்டிக்கொண்டு ஒன்றுகூடுகிறார்கள். ஆலை மூடியபின்னும் அவ்வண்டிகள் ஓடுவதற்குக் காரணம், உறுப்பு கிடைக்காதபோது கடைந்தும் ஒட்டவைத்தும் கொடுத்த தெருவோரப் பட்டறைக்காரர்களே. அவர்களுள் பெரும்பாலோர் இன்று முதியவர்கள். அவர்களிடம் தொழில் கற்க இளைஞர் வருவது குறைந்துவிட்டது. வண்டி துருப்பிடிப்பதைவிட இதுவே எனக்குப் பெருங்கவலை தருகிறது.

இனி, என் கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கதைப் பார்ப்போம். பழைய வண்டியின் புகை தீயது. இது மறுக்க முடியாத உண்மை. நம் நாட்டில் பெட்ரோல் வண்டிகளின் புகைக்கு வரம்பு விதிக்கப்பட்டதே 1991இல்தான். எங்கள் வண்டி அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளோடு அதனை ஒப்பிடவே இயலாது. பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் பழைய ஜாவா போன்ற வண்டிகள் இன்னும் மோசம். நீலப்புகை பின்னாலேயே வரும். தில்லியிலும் அதனைச் சூழ்ந்த தலைநகர்ப் பகுதியிலும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அத்தடையை வலியுறுத்தியது. இத்தடை பற்றிய வழக்குகள் அதன் பின்னரும் தொடர்ந்தன.

தடை வேண்டாம் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அவர்களோடு சேரவில்லை. நவம்பர் மாதத்தில், காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் இருமுவதைக் கேட்கிறேன். புகைமூட்டத்திற்காகப் பள்ளிக்கு விடுமுறை விடுவதையும் பார்க்கிறேன். என் பொழுதுபோக்கு அவர்களுடைய மூச்சைவிடப் பெரிதன்று. ஆகவேதான் வண்டி தஞ்சாவூரிலேயே நிற்கிறது. அங்கும் அதனை நாள்தோறும் ஓட்டுவதில்லை. கோடை விடுமுறையில் சில காலைப்பொழுதுகளில் மட்டும், உரிய பதிவையும் புகைச் சான்றையும் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறேன். சான்றைப் புதுப்பிப்பதில் எனக்கு மறுப்பில்லை!

ஆனால் வேறொரு விதியைப் பற்றி எனக்குக் குறை உண்டு. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்வதற்கு மைய அரசு 2021இல் விதி வகுத்தது. சட்டகத்திலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாதிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. செப்பனிடுபவனை விதியே போற்றுகிறது என்று இதைப் படித்து மகிழ்ந்தேன். அடுத்த வரியைப் படித்தபோது மகிழ்ச்சி பாதியாயிற்று. அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கே சாலையில் கொண்டுசெல்லலாம். வழக்கமான பயன்பாட்டிற்கு ஓட்டக் கூடாது. நெரிசல் மிக்க பெருநகருக்கு இது பொருந்தும். காவிரிக் கரையோரம் விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர் போய்வரும் வண்டிக்கும் இதே விதி ஏன்? அணிவகுப்பில் ஆண்டுக்கொருமுறை மட்டும் ஓடும் எஞ்சினில் எண்ணெய் இறங்கிவிடும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாய்ப் படியும். நிற்பதே எந்திரத்திற்கு நோய். ஓடும் தொலைவுக்கு ஆண்டு வரம்பு விதித்து, சிற்றூர்ச் சாலைகளில் ஓட்ட இசைவு தரலாம் என்பது என் எண்ணம். 2028இல் எங்கள் வண்டிக்கு 50 வயது நிறைகிறது. எனக்கும் அவ்வாண்டே. எங்கள் இருவருள் எவரையும் கண்காட்சியில் வைக்க நான் விரும்பவில்லை.

உங்களுள் பலருடைய தாத்தா வீட்டிலும் சாக்கு போர்த்திய ஒரு வண்டி கொல்லைப்புறத்தில் நிற்கக்கூடும். ராஜ்தூத்தாக இருக்கலாம், லாம்பிரெட்டா ஸ்கூட்டராகவும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, எடைக்குப் போடுமுன் அதன் கதையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு தழும்பும் எப்படி வந்தது என்பது தாத்தாவுக்கு நினைவிருக்கும். பதினெட்டு வயது நிறைந்து உரிமம் பெறும்வரை ஓட்டும் எண்ணம் வேண்டாம். மண்ணெண்ணெயில் நட்டுகளைக் கழுவித் துடைக்க வயது வரம்பு இல்லை.

கிளட்ச் தகடுகள் வாங்கிய அன்று கரோல் பாக்கில் ஒரு கடையின் மேல்தட்டில் பழைய கறுப்பு டேங்க் ஒன்றைக் கண்டேன். முழங்கால் படும் இரு பக்கமும் தேய்ந்திருந்தது. பொன்னிறக் கோடும் பாதி அழிந்திருந்தது. ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டது. விலை கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இது வேண்டாமென்றால் புதிய டேங்க் ஒன்றையே இதுபோல் தேய்த்துப் பழையதாக்கித் தருகிறேன், இப்போது பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள்” என்றார். தட்டில் இருந்த டேங்கைக் கையில் வாங்கி, கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். தடிப்பு எங்கும் இல்லை. வேறு யாரோ ஒருவருடைய தந்தை ஓட்டிய வண்டி அது. திருப்பிக் கொடுத்துவிட்டுத் தகடுகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்த கோடையில் அத்தகடுகளைப் பொருத்தினேன். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பரணில் கிடந்த மருந்துப்பெட்டித் தாங்கி பழையபடி வண்டியின் பின்னே இருக்கிறது. விடியற்காலையில் பாபநாசம்வரை போய்வந்து, வண்டியைத் துடைக்கும்போது கவனித்தேன். மின்னும் அந்தச் சிவப்பு டேங்கிலும், முழங்கால் படும் இடத்தில் வண்ணம் மெல்லத் தேயத் தொடங்கியிருக்கிறது.